ஒரு சிறுகோட்டின் நயம்

பீகிள்போன் பிளாக் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு போர்டு. 2013இல் வந்தது. ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஆர்ம் கார்டெக்ஸ்-ஏ8 செயலி, 512 எம்பி நினைவகம். இவ்வளவுதான் அதன் சொத்து. இதில் லினக்ஸை ஏற்றி, வேண்டாததையெல்லாம் கழித்து, நம் நிரலை மட்டும் ஓடவிட்டு, ஏதோ ஒரு கருவியின் மூளையாக உட்கார வைக்க வேண்டும். அதற்கு முன்னால் நம் மேசைக் கணினியில் ஒரு பட்டறை போட்டாக வேண்டும்.

அந்தப் பட்டறையைப் பற்றி யாரும் ரசித்துப் பேசிக் கேட்டதில்லை. ‘செட்டப் பண்ணவே ஒரு நாள் போயிற்று’ என்று அலுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். வேலை என்பது அதற்குப் பிறகு தொடங்குவது என்று நினைப்பு. என் கட்சி வேறு. எம்பெடெட் லினக்ஸ் வேலையில் ஆற அமர ரசிக்கத்தக்க பகுதி இந்தப் பட்டறைதான். முகம் தெரியாத பலர் பல ஆண்டுகளாக இழைத்து இழைத்துச் செய்த வேலைப்பாடு அதில் இருக்கிறது. பீகிள்போனுக்காகப் பில்ட்ரூட் என்ற கருவி போடும் பட்டறையையே எடுத்துக்கொண்டு, அதன் நயங்களில் சிலவற்றைப் பார்க்கலாம்.

கல்யாணத்தில் சமையல் ஓரிடம், பந்தி வேறிடம். இங்கேயும் அப்படித்தான். 512 எம்பி நினைவகத்தை வைத்துக்கொண்டு அந்தப் போர்டிலேயே கர்னலைக் கட்டலாம் என்று உட்கார்ந்தால் பொழுது போய்ப் பொழுது விடியும். அதனால் எக்ஸ்86 செயலி உள்ள மேசைக் கணினியில் கம்பைல் செய்கிறோம். ஆர்ம் போர்டில் ஓட்டுகிறோம். முன்னதை ஹோஸ்ட் என்றும் பின்னதை டார்கெட் என்றும் சொல்வது வழக்கம். இரண்டிலும் இருப்பது லினக்ஸ், எழுதுவது சி. கோப்புகளின் பெயர்கள்கூட ஒன்றாகவே இருக்கும். உள்ளே இருக்கும் எந்திர மொழி மட்டும் வேறு. இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பதுதான் பட்டறையின் தலையாய கடமை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அதன் ஒவ்வொரு நுணுக்கத்துக்கும் பொருள் புலப்படும்.

முதல் நயம் ஒரு சிறுகோட்டில் இருக்கிறது. கர்னலைக் கட்டும்போது ‘கிராஸ்_கம்பைல்’ என்ற மாறிக்கு ஒரு மதிப்புக் கொடுக்கிறோம்: ‘ஆர்ம்-லினக்ஸ்-க்னூஇஏபிஐஹெச்எஃப்-’. கடைசியில் தொங்குகிற அந்தச் சிறுகோட்டைப் பாருங்கள். கைதவறி அடித்தது போல இருக்கும். எடுத்துவிட்டால் வேலை நின்றுவிடும். ஏனென்றால் அங்கே இருப்பது முழுப்பெயர் அல்ல, முன்னொட்டு. மேக்ஃபைல் அதன் பின்னால் ‘ஜிசிசி’ என்று ஒட்டினால் ஆர்ம் கம்பைலர் கிடைக்கிறது. ‘எல்டி’ என்று ஒட்டினால் லிங்கர், ‘ஸ்ட்ரிப்’ என்று ஒட்டினால் கோப்பை இளைக்க வைக்கும் கருவி. மாறியைக் காலியாக விட்டால் மிஞ்சுவது வெறும் ‘ஜிசிசி’, அதாவது சொந்தக் கணினியின் கம்பைலர். இருந்தால் வெளியூர், இல்லாவிட்டால் உள்ளூர். இதைத் தீர்மானிக்க நடுவில் ஓர் ‘இஃப்’ தேவைப்படவில்லை. ஒரு பெரிய நிரலை எத்தனையோ விதமான செயலிகளுக்குக் கட்ட, எழுத்துகளை ஒட்டுகிற இந்த எளிய உத்தி போதுமானதாக இருக்கிறது.

அந்தப் பெயரின் உறுப்புகளும் சும்மா வந்தவை அல்ல. ஆர்ம் என்பது செயலி. லினக்ஸ் என்பது இயங்குதளம். க்னூ என்பது சி லைப்ரரி. இஏபிஐ என்பது ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறை. கடைசி ‘ஹெச்எஃப்’ என்ற இரண்டெழுத்துக்குத்தான் எடை அதிகம். தசம எண்களைச் செயலியின் தசமப் பிரிவுக்கென்று உள்ள ரெஜிஸ்டர்களிலேயே வைத்துக் கைமாற்ற வேண்டும் என்று அது சொல்கிறது. அது இல்லாத வகையில் தசம எண்களும் சாதாரண ரெஜிஸ்டர்கள் வழியாகவே போகும். இரண்டு வகையிலும் கட்டிய லைப்ரரிகளைச் சேர்க்கப் பார்த்தால் லிங்கர் மறுத்துவிடும். எந்த ஃபங்ஷன் எங்கே எதைத் தேடும் என்ற அளவுக்கு நுண்ணிய ஒப்பந்தத்தைப் பெயரிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது, இந்தக் கம்பைலர் பிறக்கும் விதம். மரம் முந்தியா விதை முந்தியா என்ற கேள்வி இங்கே மெய்யாகவே வருகிறது. கம்பைலர் இல்லாமல் சி லைப்ரரியைக் கட்ட முடியாது. சி லைப்ரரி இல்லாமல் கம்பைலர் முழுமை பெறாது. அதனால் ஜிசிசியை இரண்டு தடவை கட்டுகிறார்கள். முதலில் லைப்ரரி ஏதும் தெரியாத, சி மட்டும் தெரிந்த ஒரு கம்பைலர். அதைக் கொண்டு சி லைப்ரரி. பிறகு அந்த லைப்ரரியைத் துணையாகக் கொண்டு சி++ முதலியவை தெரிந்த முழுக் கம்பைலர். பில்ட்ரூட்டில் இவற்றின் பெயர்களே ‘ஹோஸ்ட்-ஜிசிசி-இனிஷியல்’, ‘ஹோஸ்ட்-ஜிசிசி-ஃபைனல்’. முதல்வன் தன் ஒரே காரியத்தை முடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறான். டெர்மினலில் இந்த வரிகள் ஓடும்போது பலர் காப்பி குடிக்கப் போய்விடுகிறார்கள். இருந்து பார்க்க வேண்டிய காட்சி அது.

பில்ட்ரூட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. யூசிலிப்சி என்ற சிறிய சி லைப்ரரியைச் செய்தவர்கள், அதைச் சோதிப்பதற்கென்று 2001 வாக்கில் தொடங்கிய கருவி இது. 2009இல் பீட்டர் கோர்ஸ்கார்ட் பராமரிப்பாளர் ஆனார். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று ஆண்டுக்கு நான்கு வெளியீடு; 2024.02 என்பது போலப் பதிப்பு எண்ணே தேதியாகவும் இருக்கும். கம்பைலர், பூட்லோடர், கர்னல், கோப்பு முறைமை எல்லாவற்றையும் ‘மேக்’ என்ற ஒற்றைக் கட்டளையில் கட்டித் தருகிறது.

அந்தக் கட்டளையைக் கொடுத்ததும் அது முதலில் செய்வது கட்டுமானம் அல்ல, விசாரணை. உங்கள் பாத் மாறியில் ஒற்றைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கும். புள்ளி என்றால் ‘இப்போது நிற்கிற அடைவு’ என்று பொருள். அது இருந்தால், போகிற வழியில் ஏதோ ஓர் அடைவில் கிடக்கும் நிரல், கருவியின் பெயரைச் சூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடலாம். ஆகவே ‘இது நடக்காது’ என்று சொல்லி வாசலிலேயே நிறுத்திவிடும். அந்தப் புள்ளி எத்தனை பேரின் எத்தனை மணி நேரத்தைத் தின்ற பிறகு இந்தச் சோதனை வந்திருக்கும் என்று யோசித்தால், முன்பின் தெரியாத ஒருவரின் அக்கறை அதில் தெரியும்.

விசாரணை பதிவிறக்கத்திலும் தொடர்கிறது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு ‘.ஹாஷ்’ கோப்பு உண்டு. இறக்கிய மூலத்தின் ஷா256 கூட்டு, அங்கே எழுதியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். எண்ணுக்கு மேலே குறிப்பு வரி இருக்கும். மூல ஆசிரியரே வெளியிட்ட கூட்டு என்றால் எங்கிருந்து எடுத்தது என்று இருக்கும். பராமரிப்பவர் தாமே கணக்கிட்டது என்றால் ‘இங்கே கணக்கிட்டது’ என்று ஒப்புக்கொண்டிருக்கும். நம்பிக்கைக்கும் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். கூட்டு பொருந்தாவிட்டால் எதிர்பார்த்தது ஒரு வரியிலும் கிடைத்தது அடுத்த வரியிலுமாக அச்சாகும். ‘எக்ஸ்பெக்டெட்’ நீண்ட சொல், ‘காட்’ குட்டிச் சொல். அதனால் குட்டிச் சொல்லுக்குப் பின்னால் வெற்றிடம் விட்டு, 64 எழுத்துகளும் மேலும் கீழும் நேருக்கு நேர் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். எங்கே மாறுகிறது என்று கண் உடனே பிடித்துவிடும். பிழைச் செய்தியிலும் பத்தி பிசகாமல் பார்த்துக்கொண்ட அந்தக் கைக்கு ஒரு சபாஷ் போடத்தான் வேண்டும்.

எதைக் கட்டுவது என்பதைத் தேர்ந்தெடுக்க ‘மேக் மெனுகான்ஃபிக்’ என்ற நீலத்திரைப் பட்டியல். கர்னல்காரர்களிடமிருந்து வாங்கிய முறை அது. நாம் தேர்ந்தெடுத்ததெல்லாம் ‘.கான்ஃபிக்’ என்ற கோப்பில் ஆயிரக்கணக்கான வரிகளாகச் சேரும். ‘மேக் சேவ்டெஃப்கான்ஃபிக்’ என்று சொன்னால் அது சில பத்து வரிகளாகச் சுருங்கிவிடும். இயல்பிலிருந்து எங்கெங்கே விலகினோமோ அந்த வரிகள் மட்டும் நிற்கும். மற்றவற்றில் மௌனம் சம்மதம். ஆர்ம் செயலி, கார்டெக்ஸ்-ஏ8, இன்ன பூட்லோடர், இன்ன கர்னல் என்று ஒரு பக்கத்துக்குள் முழு இயங்குதளத்தின் ஜாதகமும் அடங்கிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து இன்னொருவர் அதைப் படித்தாலும் முதலில் செய்தவரின் முடிவுகள் மட்டுமே கண்ணில் படும்.

எல்லைக் காவல் முழு வேகத்தில் நடப்பது கம்பைல் செய்யும்போதுதான். டார்கெட்டுக்கான ஹெடர்களும் லைப்ரரிகளும் ‘சிஸ்ரூட்’ என்ற தனி அடைவில் இருக்கின்றன. ஆனால் பழைய மென்பொருள்கள் சில, பழக்க தோஷத்தில் ‘யூஎஸ்ஆர் இன்க்ளூட்’ என்று மேசைக் கணினியின் சொந்த ஹெடர்களைக் கேட்கும். அவையும் சி ஹெடர்கள்தான் என்பதால் கம்பைலர் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்ளும். நிரல் கட்டி முடியும், போர்டில் ஏறும், பிறகு ஏதோ ஒரு நாள் காரணம் தெரியாமல் விழும். இதைத் தடுக்கப் பில்ட்ரூட் ஓர் ஆள்மாறாட்டம் செய்கிறது. உண்மையான ஜிசிசியின் பெயருக்குப் பின்னால் ‘.பிஆர்_ரியல்’ என்று சேர்த்து ஒதுக்கிவிட்டு, அதன் பெயரில் ஒரு சின்ன சி நிரலை உட்கார வைக்கிறது. கம்பைலருக்குப் போகும் ஒவ்வொரு கட்டளையும் இந்தக் காவலாளியைத் தாண்டித்தான் போக வேண்டும். யாராவது ‘யூஎஸ்ஆர் இன்க்ளூட்’ என்று வாயைத் திறந்தால், பாதுகாப்பற்ற பாதை என்று அங்கேயே பிடித்து நிறுத்திவிடும். தாமதமாக வரக்கூடிய ஒரு மர்மத்தை உடனடிப் பிழையாக மாற்றிவிடுகிறது. எனக்கு இந்தப் பட்டறையில் மிகப் பிடித்த இடம் இது.

கட்டிய பொருள்கள் சேரும் ‘அவுட்புட்’ அடைவுக்குள் போவோம். ‘பில்ட்’ அடைவில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஓர் இடம். அதற்குள் ‘.ஸ்டாம்ப்_டவுன்லோடெட்’, ‘.ஸ்டாம்ப்_பேட்ச்டு’, ‘.ஸ்டாம்ப்_பில்ட்’ என்று வரிசையாகக் காலிக் கோப்புகள் கிடக்கும். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததற்கு ஒரு முத்திரை. தரவுத்தளம் இல்லை, பதிவேடு இல்லை. கோப்பு இருந்தால் வேலை முடிந்தது, இல்லையென்றால் முடியவில்லை. ஒரு மென்பொருளை மறுபடி கட்டச் சொன்னால் பில்ட்ரூட் அதற்குரிய முத்திரையை அழித்துவிட்டு மேக்கை ஓட்டும், அவ்வளவுதான்.

பக்கத்திலேயே ‘டார்கெட்’ என்று ஓர் அடைவு. உள்ளே பின், இடிசி, லிப், யூஎஸ்ஆர் என்று ஒரு முழு லினக்ஸின் தோற்றம். புதியவர்கள் கை பரபரக்கும். அப்படியே மெமரி கார்டில் நகலெடுத்துவிடலாம் என்று தோன்றும். அந்த இடத்தில் பெரிய எழுத்தில் பெயர் தாங்கிய ஒரு கோப்பு நிற்கிறது: ‘திஸ்_இஸ்_நாட்_யுவர்_ரூட்_ஃபைல்சிஸ்டம்’. இது உன்னுடைய ரூட் ஃபைல்சிஸ்டம் அன்று. உள்ளே காரணமும் எழுதியிருக்கிறது. பில்ட்ரூட் ரூட் அதிகாரம் கேட்பதில்லை. சாதாரணப் பயனராகவே எல்லாவற்றையும் கட்டுகிறது. அதனால் அங்குள்ள கோப்புகளுக்கெல்லாம் உரிமையாளர் நீங்கள்தான். போர்டிலோ அவை ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் ‘ஃபேக்ரூட்’ என்ற கருவி, நான்தான் ரூட் என்று பாவனை செய்து, சரியான உரிமைகளோடு படிமக் கோப்பை ஆக்குகிறது. அசல் பொருள் இருப்பது ‘இமேஜஸ்’ அடைவில். கையேட்டின் ஏதோ ஒரு பக்கத்தில் எழுதிவிட்டுக் கடமை முடிந்தது என்று போயிருக்கலாம். தவறு நிகழக்கூடிய அதே இடத்தில், கோப்பின் பெயராகவே எச்சரிக்கையை நட்டு வைத்திருக்கிறார்கள். படிமம் ஆக்கும்போது அந்த எச்சரிக்கைக் கோப்பை மட்டும் விலக்கிவிடுகிறார்கள் என்பது நயத்திலும் நயம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரே நிரல் இரண்டு உருவில் இருக்கிறது. போர்டுக்குப் போவது, பிழைதிருத்தக் குறிப்புகளெல்லாம் உரிக்கப்பட்ட மெலிந்த வடிவம். குறிப்புகளோடு கூடிய தடித்த வடிவம் மேசைக் கணினியிலேயே தங்கிவிடும். போர்டில் ‘ஜிடிபிசர்வர்’ என்ற சிறு கருவி நிரலை ஓட்டி நிறுத்துகிறது. இங்கே ஜிடிபி என்ற பிழைதிருத்தி தடித்த வடிவத்தைப் பார்த்து, எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று சொல்கிறது. இடம் குறைந்த போர்டின்மேல் பாரம் ஏற்றாமல், அதன் உள்மனத்தைப் படித்துவிடுகிறார்கள்.

சரி, கட்டியாயிற்று. போர்டோடு பேச வேண்டும். பீகிள்போனில் ஜே1 என்ற ஆறு முள் வரிசை இருக்கிறது. முதல் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. மூன்றே கம்பி போதும்: தரை, அனுப்பு, வாங்கு. இவர் அனுப்புவது அவர் வாங்குமிடத்துக்குப் போக வேண்டும் என்பதால் பின்னிரண்டும் குறுக்காகப் போகும். யூஎஸ்பி சீரியல் கேபிள் 3.3 வோல்ட் வகையாக இருக்கட்டும். 5 வோல்ட் கொடுத்தால் போர்டுக்கு ஆபத்து. வேகம் 115200. ஓர் எழுத்துக்குத் தொடக்கமும் முடிவும் சேர்த்து 10 பிட், ஆக நொடிக்கு 11,520 எழுத்து. இன்றைய கணக்கில் ஆமை வேகம். ஆனால் திரை, நெட்வொர்க், இயங்குதளம் எதுவும் உயிர்பெறும் முன்பே பேசக்கூடிய எளிய வழி அதுதான்.

கார்டும் இல்லாமல், உள்நினைவகமும் காலியாக இருக்கும் போர்டுக்கு மின்சாரம் கொடுத்தால் திரையில் ‘சி’ ‘சி’ ‘சி’ என்று ஒரே எழுத்து வந்துகொண்டே இருக்கும். பழுது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அது அழைப்பு. சிப்புக்குள் பொறித்த ரோம் நிரல், வேறு வழியில்லாமல் சீரியல் கம்பியில் எக்ஸ்மோடம் முறைப்படி ‘நிரல் இருந்தால் அனுப்பு’ என்று கேட்கிறது. கார்டு இருந்தால் ரோம் நிரல் அதில் ‘எம்எல்ஓ’ என்ற கோப்பைத் தேடும். பெரிய நினைவகம் இன்னும் விழிக்காத நேரம் அது. சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவகத்தில் அடங்கும் அளவுக்கு எம்எல்ஓவைச் சுருக்கிக் கட்டியிருப்பார்கள். எம்எல்ஓ பெரிய நினைவகத்தை எழுப்புகிறது, யூ-பூட் என்ற பூட்லோடரை ஏற்றுகிறது. யூ-பூட் ‘நிறுத்த ஏதாவது ஒரு விசையை அழுத்து’ என்று சில நொடி காத்திருந்துவிட்டுக் கர்னலை ஏற்றுகிறது. ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு இடம் தயார் செய்துவிட்டு விலகுகிறார்கள்.

இந்த இடத்தில் ஓர் எழுத்தின் மகிமையைச் சொல்ல வேண்டும். ‘ஸ்டார்ட்டிங் கர்னல்’ என்ற வரி வந்த பின் திரை மௌனமாகிவிட்டால் கர்னல் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பீகிள்போனின் சீரியல் வாசலுக்கு ஒரு காலத்தில் ‘டிடிஒய்ஓ0’ என்று பெயர். டிரைவர் மாறிய பிறகு ‘டிடிஒய்எஸ்0’. பழைய பெயரைப் புதிய கர்னலுக்குக் கொடுத்தால், அது நல்லபடியாக ஓடிக்கொண்டே நம் பக்கம் வாயைத் திறக்காமல் இருக்கக்கூடும். மாற வேண்டியது ஓர் எழுத்து.

அதே போல இன்னொரு விடுகதை. நிரலைப் போர்டில் ஏற்றியாயிற்று. கோப்புப் பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது. ஓட்டினால் ‘நாட் ஃபவுண்ட்’ என்கிறது. ஷெல் பொய் சொல்லவில்லை. நிரலை ஏற்றித் தரும் லோடரின் முகவரி நிரலுக்குள்ளேயே எழுதியிருக்கும். சி லைப்ரரி ஜிலிப்சி என்றால் ‘எல்டி-லினக்ஸ்-ஆர்ம்ஹெச்எஃப்’, மஸ்ல் என்றால் ‘எல்டி-மஸ்ல்-ஆர்ம்ஹெச்எஃப்’. ஒரு லைப்ரரிக்குக் கட்டியதை இன்னொன்று இருக்கும் போர்டில் ஓட்டினால், காணவில்லை என்று கர்னல் சொல்வது லோடரைத்தான். ‘ரீட்எல்ஃப்’ கருவியால் அந்தச் சிறு முகவரியைப் படித்தால் குட்டு உடைந்துவிடும். சரியான பட்டறையில் கட்டினால் இந்த விடுகதைக்கு இடமே இருக்காது.

குறையே இல்லையா என்றால், உண்டு. மெனுவில் ஒரு மென்பொருளை நீக்கினால் ஏற்கெனவே ‘டார்கெட்’ அடைவில் போட்ட அதன் கோப்புகள் அங்கேயே கிடக்கும். பெரிய மாற்றம் என்றால் ‘மேக் கிளீன்’ செய்து முதலிலிருந்து கட்ட வேண்டும். யாக்டோ என்ற இன்னொரு கட்டுமானக் கருவியில் இந்தத் தொல்லை இல்லை. எதை மறுபடி கட்ட வேண்டும் என்று அது தானே கணக்கிடும். அதற்கு விலையாகப் பல அடுக்குகளையும் தனி மொழியையும் கற்க வேண்டும், வட்டில் பல பத்து ஜிபி ஒதுக்க வேண்டும். பில்ட்ரூட்காரர்கள் எளிமைக்காக இந்தக் குறையைத் தெரிந்தே ஏற்றிருக்கிறார்கள். கையேட்டில் ஒளிக்காமல் எழுதியும் இருக்கிறார்கள். முழுக் கருவியும் ஒருவர் தலைக்குள் அடங்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் சார்பில் என் ஓட்டு பில்ட்ரூட்டுக்கே.

போர்டு வாங்கவில்லையே என்று தயங்க வேண்டாம். ‘க்யூஇஎம்யூ_ஆர்ம்_விஎக்ஸ்பிரஸ்_டெஃப்கான்ஃபிக்’ என்ற அமைப்பைத் தேர்ந்து கட்டினால், மேசைக் கணினிக்குள்ளேயே பாவனை ஆர்ம் போர்டில் லினக்ஸ் எழும்பும். அதைத் தொடங்கும் ஸ்கிரிப்டும் ‘இமேஜஸ்’ அடைவிலேயே கிடைக்கும். கட்டணம் கிடையாது, நல்ல இணைய இணைப்பும் கொஞ்சம் பொறுமையும் போதும். கட்டி முடித்த பின் ‘மேக் லீகல்-இன்ஃபோ’ என்றும் ஒருமுறை ஓட்டுங்கள். எந்த மென்பொருள் எந்த உரிமத்தில் வந்தது என்ற பட்டியலையும், மூலங்களையும் திரட்டித் தரும். உங்கள் கருவி கடைக்குப் போகும் நாளில், ஜிபிஎல் உரிமப்படி மூலத்தைக் கேட்பவர்களுக்கு அதைக் கொடுத்தாக வேண்டும்.